பிடிச்சப்போ 9 கிராம், ரிப்போர்ட்ல 1.6 கிராம்... மிச்சம் எங்க போச்சு?

கொட்டகலை பொடியன்:

அண்ணமாரே அக்காமாரே, கோர்ட் விசயம் தெரிஞ்ச யாராச்சும் இருந்தா கொஞ்சம் சொல்லுங்க. எங்க மாமா மகன் ஒருத்தன், கொழும்புல ஹோட்டல்ல வேல செஞ்சவன், போன வருசம் லீவுக்கு வர்ற வழியில பஸ்ஸ நிப்பாட்டி செக் பண்ணப்போ தூளோட, அதான் ஹெரோயினோட, மாட்டிக்கிட்டான். அவன் நல்லவன்னு சொல்ல வரல, பழக்கம் இருந்திச்சு, எங்களுக்குத்தான் லேட்டா தெரிஞ்சிச்சு. இப்போ ரிமாண்ட்ல இருக்கான்.

விசயம் என்னன்னா பிடிச்ச அன்னைக்கு டவுன்ல ஒரு நகைக்கடைக்கு கொண்டு போய் அவன் முன்னாலயே தராசுல வச்சு நிறுத்திருக்காங்க, 9 கிராம் 200 மில்லிகிராம். பேப்பர்லயும் அப்படித்தான் போட்டான், மாமி அந்தப் பேப்பர இன்னும் வச்சிருக்கு. இப்போ ஒரு வருசம் கழிச்சு பகுப்பாய்வு ரிப்போர்ட் வந்திருக்கு, அதுல 1.6 கிராம்னு இருக்காம். லோயர் அத சொன்ன நேரம் மாமி சாமி கும்பிட்டிச்சு, கொறைஞ்சா நல்லதுதானேன்னு. ஆனா எங்க டிவிஷன்ல கடை வச்சிருக்குற பெரியவர் ஒருத்தர் சொல்றாரு ஏழரை கிராமையும் பொலிஸே வித்துட்டு மாவ கலந்து வச்சிருப்பான், இத ஜட்ஜ்கிட்ட சொன்னீங்கன்னா கேஸே நிக்காதுன்னு. மாமா அதையே பிடிச்சிக்கிட்டு நிக்கிறாரு, லோயர மாத்தப் போறேங்குறாரு.

உண்மையிலயே மிச்சம் எங்க போச்சு? பிடிக்கிற சாமானெல்லாம் எங்க வைக்கிறாங்க? டீவியில புத்தளத்துல எரிக்கிறதா காட்டுறாங்களே, அது நெசமாவே எரியுதா இல்ல நமக்குப் படம் காட்டுறாங்களா?

பண்டாரவளை ராஜு:

இதுல கேக்குறதுக்கு என்னா இருக்கு, வித்திருப்பாங்க. 2020ல கொழும்புல பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்புப் பணியகத்து ஆட்களையே வரிசையா பிடிச்சு உள்ள போட்டாங்களே மறந்துட்டீங்களா, பிடிச்ச சாமான வியாபாரிகளுக்கே திருப்பி வித்தாங்கன்னுதான் கேஸ். வேலியே பயிர மேஞ்ச கதை. தலைமை ஒபீஸ்லயே அப்படின்னா நம்ம பக்கம் சின்ன ஸ்டேசன்ல என்னா நடக்கும்னு யோசிங்க. மாமா சொல்றது சரி, கேளுங்க.

ஓய்வு எழுதுவினைஞர்:

தம்பி கொட்டகலை, தயவுசெஞ்சு மாமாவ லோயர மாத்த விடாதீங்க, முழுசா படிங்க. நான் 31 வருசம் கோர்ட்ல வேல செஞ்சவன், அதுல கடைசி 9 வருசம் வழக்குப்பொருள் ரூம் சாவி என் இடுப்புலதான் இருந்திச்சு, எந்த கோர்ட்னு சொல்ல மாட்டேன், மழை நிக்காத ஊர்னு மட்டும் வச்சிக்குங்க.

ஹெரோயின் கேஸ்ல குற்றப்பத்திரம் போடுறது பொட்டலத்து எடைக்கு இல்ல. அதுக்குள்ள சுத்தமான ஹெரோயின் எவ்வளவு இருக்கோ அதுக்கு. தெருவுல விக்கிற தூள்ல பரசிட்டமோல் கலப்பான், கஃபீன் கலப்பான், கையில கெடைக்கிற எதையும் கலப்பான். பெலவத்தையில இருக்குற அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் அதையெல்லாம் பிரிச்சுப் பாத்துட்டு சுத்த எடைய எழுதும். ஆக 9 கிராம் தூள்ல 1.6 இருந்திச்சுன்னா அது களவு இல்ல, கலப்படம். உங்க மாமா மகன ஏமாத்தினது பொலிஸ் இல்ல, வித்தவன்.

அந்த 1.6 எவ்வளவு பெரிய விசயம்னு மாமாவுக்குப் புரிய வைங்க. 1929ஆம் வருசத்து போதைப்பொருள் கட்டளைச் சட்டத்துக்கு 1984ல கொண்டு வந்த திருத்தத்துல ஹெரோயின் சுத்த எடை 2 கிராமும் அதுக்கு மேலயும்னா மரண தண்டனை இல்லாட்டி ஆயுள்னு வந்திச்சு. 1976க்கு அப்புறம் இந்த நாட்டுல யாரையும் தூக்குல போடல, அது வேற கதை, ஆனா தீர்ப்பு வாசிக்கிற அன்னைக்கு பெத்தவ மயங்கி விழுறத நான் பாத்திருக்கேன். ஐஸுக்கு, அதான் மெத்தம்பெட்டமினுக்கு, 2022ல 41ஆம் இலக்க சட்டம் வந்து 5 கிராம்னு கோடு போட்டாங்க. பிணை எந்த கோர்ட்ல கேக்கணும்ங்குறதுக்குக் கூட இப்போ இந்த சுத்த எடைதான் கணக்கு. உங்க பையன் 2 கிராமுக்குக் கீழ நிக்கிறான். அத விட்டுட்டு பொலிஸ் களவெடுத்திருச்சுன்னு சத்தம் போட்டா அப்போ ஒன்கிட்ட அவ்வளவு இருந்திச்சா தம்பின்னு எதிர்ப்பக்கம் கேக்கும்ல.

இன்னொண்ணு பாருங்க. ரிப்போர்ட்ல ரெண்டு எடை இருக்கும். அவங்க கைக்கு வந்த பொட்டலத்துத் தூளோட மொத்த எடை ஒண்ணு, சுத்த எடை ஒண்ணு. லோயர் சொன்னது ரெண்டாவது. மொதலாவத பாத்து சொல்லுங்க. அது 9 பக்கத்துல இருந்தா யாரும் கை வைக்கல. 5, 4னு இருந்தா அப்போ பேசுவோம்.

டீமேக்கர் மஸ்கெலியா:

எழுதுவினைஞர் ஐயா சொன்னத நம்ம பாசையில சொல்றேன் மாமாவுக்கு சொல்லுங்க. 100 கிலோ கொழுந்து பெக்டரிக்குப் போனா தேயிலையா வர்றது 21, 22 கிலோ. மிச்சத்த டீமேக்கர் களவெடுத்துட்டான்னு எந்தத் தொரையும் கேக்க மாட்டான், தண்ணி போச்சு அவ்வளவுதான். கஞ்சாவும் அதே மாதிரிதான், பச்சையா பிடுங்கி நிறுத்தினா ஒரு எடை, ஆறு மாசம் சாக்குல கெடந்து காய்ஞ்சா ஒரு எடை. அது தெரியாம பேப்பர்ல கஞ்சா மாயம்னு தலைப்பு போடுவான். ஆனா எங்க பெக்டரியில டஸ்ட் களவு போறதும் உண்மைதான் ஹி ஹி, ஆக ராஜு சொல்றதையும் தள்ளிவிட முடியாது.

பண்டாரவளை ராஜு:

சரி சுத்த எடை கதைய ஒத்துக்கிறேன், எனக்குத் தெரியாது. ஆனா ஐயா நீங்களே சொல்லுங்க, ஸ்டேசன்ல இருந்து பெலவத்தை போற வழியில மாத்த முடியாதா? போன பொறகு திரும்பி வந்து உங்க ரூம்ல எத்தன வருசம் கெடக்கும்?

ஓய்வு எழுதுவினைஞர்:

நல்ல கேள்வி ராஜு. போற வழிய கோர்ட் ரொம்ப உன்னிப்பா பாக்கும். பிடிச்ச இடத்துலயோ எடை பாத்த இடத்துலயோ கவர்ல போட்டு அரக்கு வச்சு சீல் அடிச்சு சந்தேக நபரோட கைப்பெருவிரல் அடையாளம் எடுக்கணும். ஸ்டேசனுக்கு வந்ததும் புத்தகத்துல பதிஞ்சு பி.ஆர். நம்பர் ஒண்ணு போட்டு ரிசேர்வ்ல, அதான் சாமானுக்குப் பொறுப்பா, இருக்குறவர்கிட்ட குடுக்கணும், அவர் ட்யூட்டி முடிஞ்சா அடுத்தவருக்கு, அதுக்கும் கையெழுத்து. எந்தத் தேதி வெளிய எடுத்தாங்க, யார் கொண்டு போனாங்க, பெலவத்தையில யார் வாங்கிட்டு ரசீது குடுத்தாங்க, அரக்கு உடையாம இருந்திச்சான்னு எல்லாத்துக்கும் ஆள் வந்து சாட்சி சொல்லணும். லோயர்மார் இத இன்வர்ட் ஜேர்னி, உள்ள போற பயணம்பாங்க. பெரேரா எதிர் சட்டமா அதிபர்னு 1998 சட்ட அறிக்கையில வந்த தீர்ப்பு ஒண்ணு இருக்கு, சாமான் ஒழுங்கான பொறுப்புல இருந்துதான் பகுப்பாய்வாளர் கைக்குப் போச்சு, நடுவுல யாரும் கை வைக்க வழியே இல்லன்னு அரச தரப்புதான் நிரூபிக்கணும்னு. எத்தன கேஸ் இந்த ஒரு இடத்துல விழுந்திருக்கு தெரியுமா. ஒரு சார்ஜன்ட் ராத்திரி முழுக்க சொந்த அலுமாரியில வச்சிருந்தேன்னு சாட்சிக் கூண்டுல சொல்லிட்டாரு, அரச தரப்பு லோயர் தலைய குனிஞ்சவர் நிமிரல.

ஆனா திரும்பி வர்ற வழி இருக்கு பாருங்க, அதுல இவ்வளவு கண்டிப்பு கெடையாது. பரிசோதன முடிஞ்சிருச்சு, எண் கெடைச்சிருச்சு, இனி என்னாங்குற மாதிரி. அங்கதான் எனக்குப் பயம்.

என் ரூம சொல்றேன் கேளுங்க. பத்துக்கு எட்டு அடி. அலுமாரி ரெண்டு, ஒண்ணுக்குப் பூட்டு, மத்ததுக்கு கட்டுக்கம்பி. கீழ கத்தி, கவ்வாத்துக் கத்தி தனியா, கசிப்பு (கள்ளச் சாராயம்) கேன், கோழிக் களவு கேஸ்ல வந்த கூடு ஒண்ணு ஏழு வருசம் இருந்திச்சு, கோழி எப்பவோ போயிருச்சு. மேல் தட்டுல பழுப்பு கவர்கள். ஆனி ஆடி மாசத்துல ஜன்னல் இடுக்கால மிஸ்ட் உள்ள வரும், கவரு நமத்துப் போகும், ஒட்டின பசையில பூசணம் பூக்கும், ஒரு நாள் காலையில போய்ப் பாத்தா யாரும் தொடாமலே கவர் வாய் பொளந்து நிக்கும். அத அப்படியே ஜட்ஜ் முன்னால கொண்டு போனா யாரு உடைச்சதும்பாரு. நான் பதிவாளர்கிட்ட எழுதிக் குடுத்து அவர் முன்னால புதுக் கவர்ல போட்டு சீல் அடிச்சுக் கையெழுத்து வாங்குவேன். எல்லா எடத்துலயும் எல்லாரும் அப்படி செய்வாங்கன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். மேல் நீதிமன்ற விசாரண முடியணும், மேன்முறையீடு முடியணும், அதுக்கப்புறம்தான் அழிக்க உத்தரவு. நான் ரிட்டயர் ஆகி சாவி குடுத்தப்போ எனக்கு முந்தி இருந்தவர் காலத்துக் கவர் நாலு அஞ்சு அப்படியே இருந்திச்சு.

ராகலை டீச்சர்:

எல்லாரும் தூள் ஐஸ்னு பேசுறீங்க, எங்க பக்கம் கசிப்புதான் உசிர எடுக்குது. அது மட்டும் எந்த ரூமுக்கும் போகாது, பிடிச்ச எடத்துலயே கொட்டிருவாங்க, ஒரு போத்தல்ல சாம்பிள் எடுத்துக்குவாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. எங்க லயத்துக்கு மேல காட்டு ஓரத்துல ரெண்டு பெரல் கோடா, கசிப்பு வடிக்க ஊற வைக்கிற தண்ணி, பிடிச்சாங்க, நல்ல விசயம்தான், ஆனா பெரல அப்படியே சரிச்சு விட்டுட்டுப் போயிட்டாங்க, அது கான் (வடிகால்) வழியா ஓடி நாங்க தண்ணி பிடிக்கிற பீலிக்கு வர்ற தண்ணியில கலந்து ரெண்டு நாள் புளிச்ச நாத்தம். ஈஸ்ட், சீனி, இன்னும் என்னென்ன போட்டானோ. பிள்ளைங்க மூணு பேரு வாந்தி எடுத்துச்சு, அந்தத் தண்ணியாலதான்னு நான் அடிச்சு சொல்ல முடியாது, ஆனா அந்த வாரம்தான். கங்காணிகிட்ட சொன்னா பொலிஸ்கிட்ட சொல்லுங்க டீச்சர்ங்குறாரு, அங்க போனா தோட்டத்து ஒபீஸ்ல சொல்லுங்கங்குறாங்க. அழிக்கிறதும் ஒரு வேலதான், எங்க ஊத்துறோம்னு பாக்க மாட்டாங்களா?

பாலாவி மருமகன்:

நான் பொறந்தது பொகவந்தலாவ, கல்யாணம் கட்டி புத்தளம் பாலாவியில 12 வருசம். தம்பியோட கடைசிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, நான் சொல்றேன்.

எரிக்கிறது நெசம். 2018 ஜனவரியில 928 கிலோ கொக்கேயின கட்டுநாயக்காவுல மீடியாவ எல்லாம் கூப்பிட்டு வச்சு அழிச்சாங்க, 2016ல கொள்கலன்ல பிடிச்ச சாமான் அது. மத்தபடி பெரிய அளவுன்னா இங்க புத்தளத்துக்குத்தான் கொண்டு வர்றாங்க, முந்தி சீமெந்து சூளைக்கு, இப்போ வண்ணாத்திவில்லு லெக்டோ தோட்டத்துப் பக்கம் இருக்குற எரியூட்டிக்கு. வர்ற அன்னைக்கு ரோட்டுல நின்னாலே தெரியும், முன்னால பின்னால எஸ்.டி.எஃப் (பொலிஸ் விசேட அதிரடிப்படை) வண்டி, நடுவுல லொறி, நீதவான், பகுப்பாய்வுத் திணைக்கள ஆட்கள், கேமராக்காரங்க.

ஏன் சீமெந்து சூளைன்னு என் மச்சான் ஒரு நாள் சொல்லித் தந்தான், அவன் அந்தப் பக்கம்தான் வேல. சுண்ணாம்புக் கல்லு கிளிங்கரா, அதான் சீமெந்துக்கு அரைக்கிற கட்டியா, மாற 1450 பாகை சூடு வேணும், நெருப்பு நாக்கு கிட்டத்தட்ட 2000 பாகை. ஹெரோயின் ஐஸ் எதுவும் அந்த சூட்டுல ஒரு செக்கன் தாங்காது. ஐஸ் மாதிரி சாமான்ல உப்பு வடிவத்துல குளோரின் இருக்கும், சும்மா எரிச்சா புகையில அமிலமா வரும், சூளைக்குள்ள சுண்ணாம்பு அத உறிஞ்சிக்கும். சாம்பல்னு தனியா ஒண்ணும் மிஞ்சாது, கிளிங்கரோட கலந்து சீமெந்தா போயிரும். நம்ம ஊர் பேக்கரி போறணையிலயோ தேயிலை பெக்டரி அடுப்புலயோ இத செய்ய முடியாது, புகைபோக்கிக்கு கீழ இருக்குற லயத்துக்குத்தான் எல்லாம் போய் சேரும்.

அதனால 900 கிலோவ பத்தி எனக்கு சந்தேகம் இல்ல, அத்தன கண்ணு பாக்குது. ஐயா சொன்ன பழுப்பு கவர் இருக்கே, 5 கிராம் 10 கிராம், அத யாரு லொறி பிடிச்சு இங்க கொண்டு வர்றது?

ஓய்வு எழுதுவினைஞர்:

மருமகன் சரியான எடத்துல கை வச்சுட்டாரு. கஞ்சான்னா நாங்களே செஞ்சோம். முடிஞ்ச கேஸ் லிஸ்ட் போட்டு நீதவான் உத்தரவு வாங்கி அவர் முன்னாலயே ஒவ்வொரு கவரா இலக்கம் வாசிச்சு பிரிச்சு கோர்ட்டுக்குப் பின்னால குழியில போட்டு மண்ணெண்ண ஊத்தி எரிப்போம். நமத்துப் போன கஞ்சா லேசுல பத்தாது, சாயந்தரம் வரைக்கும் புகைஞ்சுக்கிட்டே இருக்கும், பக்கத்து கென்டீன்ல ஒருத்தரும் டீ குடிக்க மாட்டாங்க, இல்லாட்டி ரொம்ப நேரம் உக்காந்து குடிப்பாங்க. எரிஞ்சு முடியிற வரைக்கும் நான் நகர மாட்டேன், சாம்பலக் கிளறிப் பாத்துட்டுத்தான் கையெழுத்து. தூள் கவர் அப்படி இல்ல, கொழும்புக்கு சேத்து அனுப்பணும்னு எழுதுவோம், வண்டி இல்லம்பாங்க, எஸ்கோட் இல்லம்பாங்க, அடுத்த மாசம்பாங்க. டீச்சர் சொன்ன கோடா விசயம் மனசுக்குக் கஷ்டமா இருக்கு, கான்ல ஊத்துறது தப்புதான், குழி வெட்டி ஊத்தினா ஒரு மணித்தியாலம் கூட வேல அவ்வளவுதான்.

மெட்ராஸ் போன மச்சான்:

நான் இப்போ சென்னையில இருக்கேன், சொந்த ஊர் நானுஓயா. இங்க நடந்தத கேட்டா சிரிப்பீங்க. மெரினா பொலிஸ் 22 கிலோ கஞ்சா பிடிச்சு ரெண்டு பேர கோர்ட்டுக்குக் கொண்டு போனாங்க, சாமான் எங்கன்னு ஜட்ஜ் கேட்டா எலி தின்னுருச்சுன்னு சொல்லிட்டாங்க. 2023ல ரெண்டு பேரும் விடுதலை. எலிய யாரும் பிடிக்கல. இந்தியாவுல 1989லயே போதைப்பொருள் சட்டத்துல 52ஏன்னு ஒரு பிரிவு சேத்தாங்க, பிடிச்ச உடனே மாஜிஸ்ட்ரேட் முன்னால லிஸ்ட் போட்டு, போட்டோ எடுத்து, சாம்பிள் எடுத்து, அவர் சரின்னு கையெழுத்துப் போட்டா கேஸ் முடியாமலே மிச்சத்த அழிச்சிரலாம், அந்த லிஸ்டும் போட்டோவும்தான் சாட்சி. சட்டம் இருந்தும் எலி தின்னிருக்குன்னா பாத்துக்குங்க.

பண்டாரவளை ராஜு:

எலி 😂😂 அந்த எலி இப்போ எந்த ஸ்டேசன்ல இருக்கோ. ஐயா உங்க ரூம்ல எலி இருந்திச்சா?

ஓய்வு எழுதுவினைஞர்:

இருந்திச்சு. கோழிக் கூட்டுக்குள்ளதான் குட்டி போட்டிச்சு. கஞ்சா கவர கடிச்சிருக்கு, தின்னல, கூடு கட்ட பேப்பர மட்டும் எடுத்திச்சு. அதையும் எழுதி வச்சேன்.

கொட்டகலை பொடியன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து லோயர் ஒபீஸுக்குப் போய் ரிப்போர்ட் கொப்பிய பாத்தேன். எழுதுவினைஞர் ஐயா சொன்ன மாதிரியே ரெண்டு எடை இருக்கு. மொத்த எடை 8.71 கிராம்னு போட்டிருக்கு, சுத்த எடை 1.6. அப்போ 9.2க்கும் 8.71க்கும் அர கிராம் இடிக்குதே, இதுக்கு என்னா சொல்றீங்க? மாமா இப்போ இந்த அர கிராம பிடிச்சிக்கிட்டாரு.

டீமேக்கர் மஸ்கெலியா:

நகைக்கடையில தூள மட்டும் கொட்டியா நிறுத்தாங்க? செலோபன் பேப்பரோட வச்சிருப்பாங்க. பேப்பர் எடைதான் அது. பொகவந்தலாவக்காரர் சீமெந்து மாதிரி நான் சாக்கு எடைய பத்தி மணிக்கணக்கா பேசுவேன், கொழுந்து சாக்குக்கு கழிக்கிற எடையில எத்தன சண்ட பாத்திருக்கேன்.

ஓய்வு எழுதுவினைஞர்:

அப்படியும் இருக்கலாம், நகைக்கடைத் தராசு வேற, பெலவத்தைத் தராசு வேற, அதாவும் இருக்கலாம். நிறுத்தப்போ உறையோடயா உறை இல்லாமலான்னு பொலிஸ் குறிப்புல இருக்கணும். இருந்தா விசயம் முடிஞ்சிச்சு. இல்லாட்டி நிறுத்த பொலிஸ்காரரையும் நகைக்கடைக்காரரையும் கூண்டுல வச்சு கேக்க லோயருக்கு நல்ல கேள்வி ஒண்ணு கெடைச்சிச்சு. மாமா கேக்க வேணாம், லோயர் கேக்கட்டும். பி.ஆர். நம்பரையும் பெலவத்தை ரசீதுத் தேதியையும் ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டு வாங்க, பிடிச்ச தேதிக்கும் அந்தத் தேதிக்கும் நடுவுல எத்தன நாள்னு எண்ணிப் பாக்க சொல்லுங்க. அந்தக் கடைக்காரப் பெரியவர்கிட்ட டீ மட்டும் குடிங்க.

கொட்டகலை பொடியன்:

எண்ணிட்டேன் ஐயா. 23 நாள். அவ்வளவு நாளும் ஸ்டேசன்ல யார் கையில இருந்திச்சுன்னு லோயரே கேக்கப் போறேன்னு சொன்னாரு, மாமா இப்போதைக்கு அவர மாத்தல. 14ஆம் தேதி தவணை, போயிட்டு வந்து எழுதுறேன்.